“சுகாதாரக் காரணங்களுக்காக”: ஓர் அரச உத்தரவின் நியாயத்தை எப்படி அளப்பது?

“சுகாதாரக் காரணங்களுக்காக” என்ற சொற்றொடரை வடக்கு கிழக்கு மக்கள் பல தடவைகள் கேட்டிருக்கிறார்கள். ஒரு வீதி மூடப்படும்போதும், ஒரு நினைவேந்தல் தடுக்கப்படும்போதும், ஓர் உடல் உறவினரிடம் கையளிக்கப்படாதபோதும் இந்தச் சொற்றொடர் வந்திருக்கிறது. பாதுகாப்புக் காரணம் என்று அரசு சொன்னால் நாம் உடனே சந்தேகப்படுகிறோம். அதற்கான அனுபவம் எமக்கு இருக்கிறது. சுகாதாரக் காரணம் என்று சொல்லும்போது அப்படிச் செய்வது கடினம். நோய் உண்மையானது. வைத்தியர்கள் சொல்வதை மறுக்கும் அறிவு எம்மிடம் இல்லை. எதிர்த்துப் பேசினால் மற்றவரின் உயிரைப் பற்றிக் கவலைப்படாதவர் என்ற பழியும் வந்து சேரும்.

ஆனால் சுகாதார உத்தரவு ஒன்றின் நியாயத்தை எடைபோட வைத்திய அறிவு மட்டும் போதுமானதல்ல. யாருடைய சுதந்திரத்தை, எவ்வளவு காலத்துக்கு, யாருடைய நன்மைக்காகக் குறைக்கலாம் என்பது நுண்ணுயிரியல் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல. அது அரசியல் கோட்பாடு நூற்றாண்டுகளாக விவாதித்து வந்த கேள்வி. அந்த விவாதத்திலிருந்து கிடைக்கும் சில அளவுகோல்களை இந்தக் கட்டுரை அறிமுகப்படுத்துகிறது. அவற்றைச் சோதித்துப் பார்க்க எடுத்துக்கொள்ளும் பிரதான உதாரணம், 2020 - 2021 காலப்பகுதியில் இலங்கையில் நடைமுறைப்படுத்தப்பட்ட கட்டாயத் தகனம்.

விஞ்ஞானம் சொல்வதும் அரசு தீர்மானிப்பதும்

ஒரு வைரஸ் எப்படிப் பரவுகிறது, எத்தனை நாட்கள் தொற்றும் தன்மையுடன் இருக்கிறது, முகக்கவசம் எந்த அளவுக்குப் பயன்தரும் என்பவை விஞ்ஞானக் கேள்விகள். ஆய்வுகூடமும் கள ஆய்வும் இவற்றுக்குப் பதில் தரும். பாடசாலையை மூடுவதா சந்தையை மூடுவதா, கூலித் தொழிலாளியை வீட்டில் இருக்கச் சொன்னால் அவருடைய அன்றாடச் சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு, இறந்தவரின் இறுதிக் கிரியையில் எதை அனுமதிப்பது என்பவை வேறு வகையான கேள்விகள். இவற்றுக்குப் பதில் சொல்பவர் விஞ்ஞானத்தோடு சேர்த்து ஒரு விழுமியத்தையும் தெரிவு செய்கிறார். அந்தத் தெரிவை “நிபுணர்கள் சொன்னார்கள்” என்ற ஒரு வசனத்துக்குள் ஒளித்துவைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இப்படிச் சொல்வது பொதுச் சுகாதாரத்தை எதிர்ப்பதாகாது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலத்திலிருந்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்ப நல உத்தியோகத்தரும் வீடு வீடாகச் சென்று வளர்த்தெடுத்த கட்டமைப்பு இலங்கையினுடையது. யுத்த காலத்திலும் வன்னியில் தடுப்பூசி ஏற்றிய தாதியரையும் தாய்மாரைப் பார்வையிட்ட உத்தியோகத்தர்களையும் எமது மக்கள் மறக்கவில்லை. தொற்றுநோய்க் காலத்தில் அரசு சில கட்டாயங்களை விதிக்கத்தான் வேண்டும். எந்தக் கட்டாயம் நியாயமானது என்பதைப் பிரித்தறிவதே எமக்கு முன்னால் உள்ள வேலை.

கட்டாயத் தகனம்: நடந்தது என்ன?

கொவிட்-19 தொற்றால் இறந்தவர்களின் உடலை அடக்கம் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 24 இல் வெளியிட்ட இடைக்கால வழிகாட்டலில் தெரிவித்தது. இலங்கையின் சுகாதார அமைச்சு முதலில் வெளியிட்ட வழிகாட்டியிலும் அடக்கத்துக்கு இடம் இருந்தது. மார்ச் மாத இறுதியில் அது மாற்றப்பட்டது. ஏப்ரல் 11 இல் வெளியான அதிவிசேட வர்த்தமானி, தகனத்தைச் சட்டபூர்வக் கட்டாயமாக்கியது. 800 முதல் 1,200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரை உடல் எரிக்கப்பட வேண்டும் என்று அது கூறியது. 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டமே இதற்கு அடிப்படையாக இருந்தது.

இந்த உத்தரவு முஸ்லிம்களை மிக மோசமாகப் பாதித்தது. அவர்களுக்கு ஜனாஸா நல்லடக்கம் சமயக் கடமை. உடலை எரிப்பது தடைசெய்யப்பட்டது. கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினரும் பாதிக்கப்பட்டனர். உடலைப் புதைத்தால் நிலத்தடி நீர் மாசடையும் என்பதே அரச தரப்பு முன்வைத்த பிரதான காரணம். இதை எதிர்த்து முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுக்களை விசாரணைக்கு எடுத்துக்கொள்ள உயர் நீதிமன்றம் 2020 டிசம்பர் 1 இல் பெரும்பான்மைத் தீர்மானத்தின்படி மறுத்தது. அதற்குக் காரணம் எதுவும் கூறப்படவில்லை.

அதன் பின் வந்த நாட்களே மிகக் கொடியவை. உறவினர்கள் பொறுப்பேற்க மறுத்து வைத்தியசாலைகளில் இருந்த 19 முஸ்லிம்களின் உடல்களைத் தகனம் செய்யலாம் என்று சட்டமா அதிபர் ஆலோசனை வழங்கினார். பிறந்து 20 நாட்களே ஆன ஒரு குழந்தையின் உடல், பெற்றோரின் சம்மதமின்றி பொரளையில் எரிக்கப்பட்டது. அந்தச் செய்தி பரவியதும், மயானத்தின் வேலியில் இனம், மதம் பாராமல் மக்கள் கபன் துணியை நினைவூட்டும் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள்.

அதே டிசம்பர் முடிவதற்குள், அடக்கம் செய்வதையும் அனுமதிக்கலாம் என்று இலங்கைச் சமுதாய மருத்துவர் கல்லூரி அறிவித்தது. ஜனவரி தொடக்கத்தில் இலங்கை மருத்துவச் சங்கமும் அதே கருத்தைத் தெரிவித்தது. சுகாதார அமைச்சு நியமித்த நிபுணர் குழு ஒன்றும் உரிய முன்னெச்சரிக்கைகளுடன் அடக்கத்துக்கு இடமளிக்கலாம் எனப் பரிந்துரைத்திருந்தது. ஆயினும் சமய, அரசியல் காரணங்களுக்காக முடிவை மாற்ற முடியாது என்று அப்போதைய சுகாதார அமைச்சர் நாடாளுமன்றத்தில் கூறினார். இறுதியில் 2021 பெப்ரவரி 25 ஆம் திகதிய வர்த்தமானி அடக்கத்தை அனுமதித்தது. அது ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவையின் கூட்டத்தொடர் தொடங்கியிருந்த வாரம். பாகிஸ்தான் பிரதமர் கொழும்புக்கு வந்து சென்ற வாரமும் அதுதான். 2024 ஜூலையில் அமைச்சரவை முஸ்லிம் மக்களிடம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

பத்தரை மாதங்கள் நீடித்த இந்த உத்தரவின் மீது நான்கு கேள்விகளை எழுப்பிப் பார்ப்போம்.

முதற் கேள்வி: தடுக்கப்படும் தீங்கு எது?

ஆங்கிலேய மெய்யியலாளர் ஜோன் ஸ்டுவர்ட் மில் 1859 இல் வெளியிட்ட ‘சுதந்திரம் பற்றி’ என்ற நூலில் முன்வைத்த கொள்கை எளிமையானது. ஒருவருடைய விருப்பத்துக்கு மாறாக அவர்மீது அதிகாரம் பிரயோகிக்கப்பட வேண்டுமானால், மற்றவர்களுக்கு ஏற்படும் தீங்கைத் தடுப்பது மட்டுமே அதற்கான நியாயமாகும். தொற்றுநோய்ச் சட்டங்கள் அனைத்தும் ஏதோவொரு விதத்தில் இந்தக் கொள்கையில்தான் தங்கியிருக்கின்றன. எனக்கு வரும் நோய் என்னோடு நின்றுவிடாது. ஆகவே என்னைத் தனிமைப்படுத்தலாம்.

இந்தக் கொள்கையைப் பயன்படுத்துவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தீங்கு உண்டென்று அதிகாரம் காட்ட வேண்டும். அது இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு பாதிக்கப்பட்டவருடையதல்ல. கட்டாயத் தகன விடயத்தில் இது தலைகீழாக நடந்தது. புதைத்தால் தொற்று ஏற்படாது என்பதை நிரூபிக்கும்படி ஜனாஸாவை இழந்த குடும்பங்களிடம் கேட்கப்பட்டது. கொவிட் நோயாளிகளின் உடலை உலகெங்கும் புதைத்துக்கொண்டிருந்த நாடுகளின் அனுபவம் கணக்கில் எடுக்கப்படவில்லை.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. புதிய நோய் ஒன்று வரும்போது எல்லாச் சான்றுகளும் கிடைக்கும் வரை காத்திருக்க முடியாது, ஆகவே முன்னெச்சரிக்கையாகக் கடுமையாக நடந்துகொள்வது தவறல்ல என்பதே அது. 2020 மார்ச் மாதத்தில் வைத்திய உலகமே தடுமாறிக்கொண்டிருந்தது என்பது உண்மை. ஆனால் முன்னெச்சரிக்கை என்ற நியாயத்துக்கு ஆயுள் குறைவு. அறியாமையில் பிறக்கும் உத்தரவு, அறிவு வளரும்போது மீளாய்வு செய்யப்பட வேண்டும். முதல் சில வாரங்களுக்கு ஒருவர் இந்த வாதத்தைச் சொல்லலாம். நாட்டின் சொந்த மருத்துவர் அமைப்புகளே மாற்றுக் கருத்தைச் சொன்ன பிறகும் எரித்துக்கொண்டிருந்ததற்கு முன்னெச்சரிக்கை என்று பெயர் சொல்ல முடியாது.

இரண்டாம் கேள்வி: இதைவிடக் குறைந்த கட்டுப்பாடு போதாதா?

தீங்கு உண்டென்று ஏற்றுக்கொண்டாலும் விடயம் முடிந்துவிடுவதில்லை. அந்தத் தீங்கைத் தடுக்க இதைவிட மென்மையான வழி இருந்தால் அரசு அதையே தெரிவு செய்ய வேண்டும். 1984 இல் இத்தாலியின் சிராகூசா நகரில் கூடிய சட்ட அறிஞர்கள் வகுத்த கோட்பாடுகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. உரிமையைக் கட்டுப்படுத்தும் நடவடிக்கை சட்டத்தின்படி அமைய வேண்டும், நியாயமான நோக்கம் ஒன்றுக்கு உண்மையில் தேவையானதாக இருக்க வேண்டும், அந்த நோக்கத்தை அடைய ஆகக் குறைந்த கட்டுப்பாடாக இருக்க வேண்டும், தன்னிச்சையாகவோ பாரபட்சமாகவோ இருக்கக் கூடாது. இலங்கை 1980 இல் இணைந்துகொண்ட குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் தொடர்பான சர்வதேச சமவாயத்தை வாசிப்பதற்கு இன்றுவரை இந்தக் கோட்பாடுகள் பயன்படுத்தப்படுகின்றன.

எமது அரசியலமைப்பிலும் இதற்கு இணையான ஒரு பிரிப்பு இருக்கிறது. 10 ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தைத் தருகிறது. அதற்கு மட்டுப்பாடு இல்லை. 14 ஆம் உறுப்புரை மதத்தை வழிபாட்டிலும் அனுட்டானத்திலும் வெளிப்படுத்தும் உரிமையைத் தருகிறது. பொதுச் சுகாதாரத்தைப் பாதுகாப்பதற்காக அதைச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம் என்று 15 ஆம் உறுப்புரையின் 7 ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே சுகாதாரத்தின் பெயரால் மத அனுட்டானத்தைக் கட்டுப்படுத்தவே முடியாது என்று யாரும் வாதிடவில்லை. உடலைக் கழுவ வேண்டாம், திறக்க வேண்டாம், உடல் பைக்குள் வைத்தே புதையுங்கள், சிலர் மட்டும் வாருங்கள், குழி இத்தனை அடி ஆழம் இருக்கட்டும் என்ற நிபந்தனைகளையெல்லாம் முஸ்லிம் சமூகம் ஏற்கத் தயாராக இருந்தது. நிலத்தடி நீர்தான் கவலை என்றால், நீர்மட்டம் ஆழமாக உள்ள வறண்ட நிலத்தைத் தெரிவு செய்திருக்கலாம். பின்னர் ஓட்டமாவடியில் அதுபோன்ற நிபந்தனைகளுடன்தான் அடக்கம் நடந்தது. 2021 மார்ச்சில் முடிந்த ஒன்று 2020 ஏப்ரலில் ஏன் முடியாமற்போனது என்பதற்கு இன்றுவரை விளக்கம் இல்லை.

மூன்றாம் கேள்வி: எல்லோரும் ஏற்கக்கூடிய காரணம் சொல்லப்பட்டதா?

அமெரிக்க அரசியல் தத்துவவாதி ஜோன் ரோல்ஸ் 1993 இல் வெளியிட்ட ‘அரசியல் தாராளவாதம்’ என்ற நூலில் பொதுப் பகுத்தறிவு என்ற கருத்தை விளக்கினார். பல மதங்களும் பல நம்பிக்கைகளும் உள்ள நாட்டில் அரச அதிகாரம் எல்லோர்மீதும் பிரயோகிக்கப்படுகிறது. ஆகவே அந்த அதிகாரத்துக்குச் சொல்லப்படும் காரணம், ஒரு தரப்பின் நம்பிக்கையை மட்டும் சார்ந்ததாக இருக்கக் கூடாது. மாற்று நம்பிக்கையுள்ள ஒருவரும் நியாயமாகச் சிந்தித்தால் ஏற்றுக்கொள்ளக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

தகன உத்தரவு பார்வைக்கு இந்தச் சோதனையில் தேறுவது போலத் தெரியும். அதில் மதம் பற்றிய சொல் எதுவும் இல்லை. நிலத்தடி நீர், வெப்பநிலை, நிமிடக் கணக்கு என்று நடுநிலையான மொழியிலேயே எழுதப்பட்டிருந்தது. ஆனால் காரணம் பொதுவானதா என்பதை உத்தரவின் மொழியை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அதே அரசு அதே காலத்தில் மற்ற விடயங்களில் எப்படி நடந்துகொண்டது என்பதையும் பார்க்க வேண்டும். குழந்தையின் உடல் எரிக்கப்பட்ட அதே டிசம்பரில், கேகாலையில் ஒருவர் தயாரித்த பாணி கொவிட்டைக் குணப்படுத்தும் என்று நம்பி ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். அந்தப் பாணியைச் சுகாதார அமைச்சரே பகிரங்கமாக அருந்தினார். ஒரு விடயத்தில் உலக சுகாதார நிறுவனம் சொன்னதைவிடக் கடுமையாக நடந்துகொண்ட நிர்வாகம், இன்னொரு விடயத்தில் எந்தச் சான்றும் இல்லாத பாணிக்கு இடமளித்தது. கேகாலையில் கடைப்பிடிக்கப்படாத விஞ்ஞானம் பொரளையில் மட்டும் இரும்புச் சட்டமானது. காரணம் வேறெங்கோ இருந்தது என்று பாதிக்கப்பட்டவர்கள் சந்தேகித்ததில் வியப்பில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் முஸ்லிம்களுக்கு எதிராக வளர்க்கப்பட்ட வெறுப்பு அப்போது அடங்கியிருக்கவில்லை.

காரணம் சொல்வது மரியாதையின் ஒரு வடிவமும்கூட. கனடாவைச் சேர்ந்த வைத்தியரும் நெறிமுறை அறிஞருமான ரொஸ் அப்ஷர் 2002 இல் பொதுச் சுகாதாரத் தலையீடுகளுக்கான நான்கு நெறிகளை வகுத்தபோது, தீங்கு, ஆகக் குறைந்த கட்டுப்பாடு என்பவற்றோடு கைமாறு, வெளிப்படைத்தன்மை ஆகியவற்றையும் சேர்த்தார். நிபுணர் குழுவின் அறிக்கை மக்கள் முன் வைக்கப்படாமலும், நீதிமன்றம் காரணம் கூறாமலும் ஒரு சமூகத்தின் இறந்தவர்கள் எரிக்கப்பட்டபோது, அந்தச் சமூகத்துக்கு விளக்கம் தேவையில்லை என்ற செய்தியே போய்ச் சேர்ந்தது.

நான்காம் கேள்வி: சுமை யார் தோளில் விழுகிறது?

எல்லோருக்கும் ஒரே உத்தரவு என்பதால் எல்லோருக்கும் ஒரே சுமை என்று ஆகிவிடாது. ஐரிஸ் மரியன் யங் என்ற அமெரிக்கப் பெண் தத்துவவாதி இதைத் தன் எழுத்துகளில் விரிவாகக் காட்டினார். ஒரு சட்டத்தை எழுதியவருக்குத் தீய எண்ணம் இல்லாதிருந்தாலும், ஏற்கெனவே பலவீனமாக்கப்பட்ட குழுவின் மீதே அதன் பாரம் மீண்டும் மீண்டும் விழுமானால் அது அமைப்புசார்ந்த அநீதி. தகனம் பெரும்பான்மை பௌத்தர்களுக்கும் இந்துக்களுக்கும் வழக்கமானது. ஆகவே அந்த உத்தரவில் அவர்களுக்குப் பெரிதாக எந்த இழப்பும் இல்லை. முழு விலையையும் கொடுத்தவர்கள் மற்றவர்கள்.

இந்தச் சட்டத்தின் பழைய வரலாறு தமிழர்களுக்கு அந்நியமானதல்ல. 1896 இல் பம்பாயில் கொள்ளைநோய் தோன்றியதைத் தொடர்ந்து, அடுத்த ஆண்டில் காலனித்துவ அரசு இந்தக் கட்டளைச் சட்டத்தை இயற்றியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்ட பிறகே கடல் கடக்க அனுமதிக்கப்பட்டனர். இந்தியக் கரையில் இருந்தாலும் அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசாங்கம். தேயிலைக்கு உழைப்பு தேவைப்பட்டது, உழைப்பாளியின் உடல் மட்டும் ஆபத்தானதாகக் கருதப்பட்டது. பல தசாப்தங்கள் கழித்து அதே மண்டபம், யுத்தத்திலிருந்து தப்பி எதிர்த்திசையில் கடல் கடந்த ஈழத்தமிழர்களின் அகதி முகாமாயிற்று. தனிமைப்படுத்தல் என்பது நோயை மட்டுமன்றி மனிதர்களையும் தரம்பிரிக்கும் கருவியாக இருந்திருக்கிறது.

அடக்கத்துக்கு அனுமதி கிடைத்த பின்னரும் சுமை பற்றிய கேள்வி தீரவில்லை. 2021 மார்ச் தொடக்கத்தில் அரசு தெரிவு செய்த இடம் இரணைதீவு. 1992 இல் இடம்பெயர்ந்து, தீவைக் கடற்படை வைத்திருந்ததால் கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் திரும்ப முடியாமல், 2018 ஏப்ரலில் தாங்களாகவே படகுகளில் சென்று இறங்கிய தமிழ்க் கடற்றொழிலாளர்களின் தீவு அது. நாடு முழுவதும் எங்கும் புதைக்க முடியாது என்று சொல்லப்பட்ட உடல்களை அங்கே புதைக்கலாம் என்றார்கள். நிலத்தை மீட்கப் போராடிக்கொண்டிருந்த தமிழ் மக்களுக்கும் இறந்தவரை அடக்க இடம் தேடிய முஸ்லிம் மக்களுக்கும் இடையில் பகை மூட்டக்கூடிய முடிவு அது. இரணைதீவு மக்கள் எதிர்த்தார்கள். முஸ்லிம் தலைவர்களும் அந்தத் தெரிவை எதிர்த்தார்கள். அரசு பின்வாங்கியது.

மார்ச் 5 இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. அதன் பின் ஓராண்டு காலமாக, நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் அடக்கம் அங்கே மட்டுமே நடந்தது. 3,600 இற்கும் மேற்பட்டோர் அங்கு அடக்கம் செய்யப்பட்டனர். பெரும்பாலானோர் முஸ்லிம்கள், இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அவர்களோடு துயில்கிறார்கள். மாத்தறையிலோ கொழும்பிலோ உள்ள ஒரு குடும்பம் தந்தையின் அடக்கஸ்தலத்தைப் பார்ப்பதற்கு நாட்டைக் குறுக்கறுத்து வர வேண்டியிருக்கிறது. அமர்த்தியா சென் ‘நீதியின் கருத்து’ என்ற நூலில், ஏட்டில் உள்ள விதிமுறையின் ஒழுங்கை ‘நீதி’ என்றும் அந்த விதியின் கீழ் மக்கள் உண்மையில் வாழும் வாழ்க்கையின் செம்மையை ‘நியாயம்’ என்றும் வேறுபடுத்துகிறார். வர்த்தமானி திருத்தப்பட்டதும் ஏட்டளவில் நீதி வந்தது. நியாயம் இன்னும் வந்துசேரவில்லை.

சுமையைச் சுமப்பவருக்கு ஈடு செய்ய வேண்டும் என்பதே அப்ஷர் சொன்ன கைமாறு நெறி. தனிமைப்படுத்தப்பட்டவருக்கு உணவு, வருமானம் இழந்தவருக்கு நிவாரணம், தொலைவில் அடக்கப்பட்டவரின் உறவுகளுக்குப் போக்குவரத்து ஆகியவற்றை வழங்குவது தர்மம் செய்வதாகாது. ஊரின் நன்மைக்காக ஒருவர் இழந்ததை ஊர் திருப்பிக் கொடுப்பதே அது.

எண்ணிக்கையும் ஓர் அரசியலே

இந்த நான்கு கேள்விகளுக்கும் முன்னால் இன்னொன்று இருக்கிறது: யார் கணக்கில் சேர்க்கப்படுகிறார்கள்? பொதுச் சுகாதாரம் எண்ணிக்கையில்தான் தொடங்குகிறது. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் எத்தனை மருந்து, எத்தனை படுக்கை என்று சொல்ல முடியும். இதை வன்னி மக்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 2009 இன் தொடக்கத்தில் யுத்த வலயத்துக்குள் சிக்கியிருந்தவர்கள் சுமார் 70,000 பேர் என்று அரசு கூறியது. அங்கிருந்த அரச அதிகாரிகளின் கணக்கு அதைப்போலப் பல மடங்காக இருந்தது. யுத்தம் முடிந்தபோது ஏறத்தாழ 2,90,000 பேர் முகாம்களுக்கு வந்து சேர்ந்தார்கள். குறைத்துச் சொல்லப்பட்ட எண்ணிக்கை உணவையும் மருந்தையும் குறைத்தது என்பதை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 ஆம் ஆண்டின் அறிக்கையில் பதிவு செய்தது. விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும் அதே அறிக்கை பதிவு செய்தது. எண்ணப்படாதவருக்கு மருந்து போகாது. ஆகவே எண்ணுவது என்பதே ஓர் ஒழுக்கப் பொறுப்பு.

நினைவேந்தலும் தனிமைப்படுத்தல் சட்டமும்

கொவிட் காலத்தில் தமிழர்களின் நினைவேந்தல்களும் இதே சட்டத்தைச் சந்தித்தன. 2020 நவம்பரில் மாவீரர் நாளைத் தடுக்கக் கோரி வடக்கு கிழக்கின் நீதவான் நீதிமன்றங்களுக்குப் பொலிஸார் சென்றபோது, மற்றச் சட்டங்களோடு தனிமைப்படுத்தல் விதிகளும் காரணமாகக் காட்டப்பட்டன. 2021 மே 17 இரவு, முள்ளிவாய்க்கால் நினைவு நாளுக்குச் சில மணித்தியாலங்களுக்கு முன்னர், முல்லைத்தீவு மாவட்டத்தின் மூன்று பொலிஸ் பிரிவுகள் தனிமைப்படுத்தப்பட்டன.

மே 2021 இல் தொற்று நாடெங்கும் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டம் கூடுவதைக் கட்டுப்படுத்த அப்போது உண்மையான காரணம் இருந்தது. இங்கேதான் மேற்சொன்ன கேள்விகள் பயன்படுகின்றன. முற்றாகத் தடுப்பதற்குப் பதிலாக இடைவெளி விட்டு, வரையறுக்கப்பட்ட எண்ணிக்கையில் தீபம் ஏற்ற அனுமதித்திருக்க முடியாதா? ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டு வாசலில் விளக்கேற்றினால் எந்தத் தொற்று பரவும்? நோய்க் கட்டுப்பாட்டுக்காக மூடப்பட்ட இடத்தில் ஏன் சில நாட்களுக்கு முன் இரவோடு இரவாக நினைவுத்தூபி உடைக்கப்பட்டிருந்தது? கேள்விகளுக்கு நேர்மையான பதில் இருந்தால், அந்தக் கட்டுப்பாட்டை எமது மக்களே முன்னின்று கடைப்பிடித்திருப்பார்கள்.

அந்த நேரத்தில் கொவிட் செயலணிக்குத் தலைமை தாங்கியவர் இராணுவத் தளபதி. இறுதி யுத்தத்தில் போரிட்ட 58 ஆவது படைப்பிரிவின் தளபதியாக இருந்தவர் அவர். படைமுகாம்கள் தனிமைப்படுத்தல் நிலையங்களாயின. காணாமல் ஆக்கப்பட்ட மகனை இராணுவத்திடம் கையளித்த ஒரு தாயிடம், காய்ச்சல் வந்தால் இராணுவத்தின் வாகனத்தில் ஏறுங்கள் என்று கேட்பதன் பாரத்தைக் கொழும்பு உணரவில்லை. நம்பிக்கை இல்லாத இடத்தில் மக்கள் நோயை மறைப்பார்கள். மறைக்கப்பட்ட நோய் எல்லோரையும் தாக்கும். தகனத்துக்குப் பயந்து முஸ்லிம்கள் வைத்தியசாலைக்குச் செல்லத் தயங்கக்கூடும் என்று ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர்கள் 2021 ஜனவரியில் எச்சரித்ததும் இதனால்தான். நியாயமற்ற உத்தரவு, சுகாதாரத்தையும் கெடுக்கிறது.

எமக்கும் இந்த அளவுகோல் உண்டு

2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியில் காணிப் பறிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர், அரசியல் கைதிகள் ஆகிய கோரிக்கைகளோடு கட்டாயத் தகனத்தை நிறுத்துவதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. முஸ்லிம்கள் வழிநெடுக வந்து சேர்ந்தார்கள். 1990 இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்ட காயம் ஆறாத ஒரு மண்ணில், அது சிறிய விடயமல்ல. இறந்தவரின் உடலைப் பெறாதவர்களும், துயிலும் இல்லங்கள் புல்டோசரால் தரைமட்டமாக்கப்பட்டதைக் கண்டவர்களும் ஜனாஸாவுக்காகக் குரல் கொடுத்ததில் ஓர் அரசியல் தெளிவு இருந்தது.

அதே தெளிவு எமது ஊருக்குள்ளும் வேண்டும். கொவிட்டின் முதல் மாதங்களில் தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களை ஒதுக்கியதும், நோயாளியின் பெயரையும் படத்தையும் முகநூலில் பரப்பியதும் எமது சமூகத்திலும் நடந்தன. அரசிடம் கேட்கும் கேள்விகளை எமது சங்கங்களிடமும் கோயில் நிர்வாகங்களிடமும் கேட்கும்போதுதான் அவை அளவுகோல் ஆகின்றன.

அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தபோது, அடக்கமா தகனமா என்பதைத் தெரிவுசெய்யும் உரிமையைச் சட்டத்தால் உறுதிப்படுத்துவது பற்றியும் பேசப்பட்டது. அது சொல்லோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முஸ்லிம் மக்களுக்கு மட்டுமானதல்ல. 1897 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெளியிடப்படும் ஒவ்வொரு ஒழுங்குவிதிக்கும் முடிவுத் திகதி, மீளாய்வு, நிபுணர் அறிக்கையை வெளியிடும் கடப்பாடு, பாதிக்கப்படும் சமூகத்தின் பிரதிநிதித்துவம் ஆகியவை இருக்க வேண்டும் என்ற கோரிக்கையை எமது நாடாளுமன்ற உறுப்பினர்களும் சட்டத்தரணிகளும் முன்வைக்கலாம்.

அடுத்த தொற்றுநோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அது வரும்போது, ஊரடங்குக்குக் கட்டுப்பட்டு, முகக்கவசம் அணிந்து, தடுப்பூசி ஏற்றிக்கொண்டே நாம் இந்த நான்கு கேள்விகளையும் கேட்கலாம்: தடுக்கப்படும் தீங்கு எது, இதைவிடக் குறைந்த கட்டுப்பாடு போதாதா, காரணம் எல்லோருக்கும் பொதுவானதா, சுமை யார் தோளில் விழுகிறது? பதில் சொல்ல முடிந்த அரசுக்கு ஒத்துழைப்பது எமது கடமை. பதில் சொல்ல மறுக்கும் அரசிடம் தொடர்ந்து கேட்பதும் அதே கடமைதான்.